திட்டு வாங்க வேண்டியது வாசர்

“ஏல, குழாய ஒழுங்கா மூடத் தெரியாதால?” “ஏட்டி, கதவ மெல்ல சாத்துனா என்னட்டி?” “உப்பு டப்பாவ ஈரக் கையோட தொட்டது யாரு?” திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் விடிந்தது முதல் கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. பையன் குழாயை ஒழுங்காகத்தான் மூடினான். கதவைச் சாத்தியது அந்தப் பிள்ளை இல்லை, மேற்கேயிருந்து வந்த காற்று. உப்பு கசிந்ததற்கு எவர் கையும் காரணமில்லை. ஆனாலும் ஏச்சு விழுகிறது. பெரிய செலவு வந்தால் உட்கார்ந்து யோசிக்கிற வீடு, சொட்டுகிற குழாய்க்கு மட்டும் ஆளைத் தேடுகிறது.

நம்ம ஊர் எரிச்சல்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடத்தில் போய் நிற்கும்: ஆனி முதல் ஆவணி வரை அடிக்கும் மேல்காற்று, ஆழ்துளைக் கிணற்றின் சுண்ணாம்புத் தண்ணீர், ஐப்பசி கார்த்திகை ஈரம். மூன்றையும் நிறுத்த யாராலும் ஆகாது. அவை போய்த் தாக்குகிற இடம் ஒரு ரப்பர் துண்டாகவோ, நாலு திருகாணியாகவோ இருக்கும். அதை மாற்றலாம்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும். செங்கோட்டை, குற்றாலம் வரைக்கும் சாரல் எட்டிப் பார்க்கும். அதற்குக் கிழக்கே நம் பங்குக்கு வருவது வெறுங்காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், ராதாபுரம் என்று பரவும் அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, கதவு நிச்சயம் அறையும்.

மேற்குச் சன்னலும் கிழக்கு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நடுவில் இருக்கிற அறைக் கதவுதான் அடி வாங்கும். காற்று போகும் வழியில் அது குறுக்கே நிற்கிறது. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை அறையும்போதும் கதவின் எடை மேல் கீலைத்தான் அதிகம் இழுக்கிறது. கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகள் மரத்தில் போட்ட ஓட்டையைக் கொஞ்சங் கொஞ்சமாக அகலப்படுத்தும். ஆடி முழுக்க அறைந்த கதவு ஐப்பசியில் தரையை உரசுவது இதனால்தான். அதற்குள் ஆடியில் நடந்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள். பழி மழைமேல் விழும்.

அறையாமல் வைக்க வழி எளிது. ஆனால் பாதிப் பேர் அதைத் தப்பான இடத்தில் செய்கிறார்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீல் பக்கத்து இடுக்கில், ஒரு துணியையோ மரத்துண்டையோ பிள்ளையின் செருப்பையோ சொருகி வைப்பது வழக்கம். இதைவிடக் கெடுதல் வேறில்லை. கீல் பக்கம் தடுப்பு வைத்தால் கதவு முழுவதும் நெம்புகோலாகிவிடும். கைப்பிடிப் பக்கம் காற்று லேசாகத் தள்ளினாலும் கீல் பக்கம் அது பல மடங்காகிக் கீலைப் பிடுங்கும். தடுப்பை எப்போதும் கைப்பிடிப் பக்கமே வையுங்கள். பழைய துண்டை நாலாக மடித்துக் கதவின் மேல்விளிம்பில், பூட்டு இருக்கும் மூலையில் தொங்கப் போட்டாலே போதும், கதவு நிலையோடு மோதாது. நிரந்தர ஏற்பாடு வேண்டுமென்றால் தரையிலோ சுவரிலோ காந்தத் தடுப்பு ஒன்று போடலாம். அதையும் கதவின் வெளி ஓரத்திலிருந்து நாலைந்து இஞ்சுக்குள் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் பாதி பலன்தான். சன்னல் கதவுகளுக்குக் கொண்டியை மாட்டாமல் விட்டுவிட்டு “கண்ணாடி தானா உடைஞ்சிட்டு” என்று சொல்வது நம் மாவட்டத்தில் பருவம் தவறாமல் நடக்கும் காரியம்.

ஏற்கெனவே தொங்கிவிட்ட கதவுக்கு என்ன செய்வது? முதலில் அது தொங்கியிருக்கிறதா, மழையில் ஊதியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எழுதப் பயன்படும் கார்பன் தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, மை பக்கம் கதவைப் பார்க்க வைத்து, மெல்ல மூடித் திறந்து பாருங்கள். கார்பன் தாள் கிடைக்காத வீட்டில் நிலையின் உள்விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்தாலும் சரி. கறை கதவின் பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பட்டிருந்தால் மரம் ஊதியிருக்கிறது. மேல் மூலையில் மட்டும் அழுத்தமாகப் பட்டு, கீழ் மூலை தரையில் கோடு போட்டிருந்தால் கீல் தளர்ந்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாலும் தெரியும். மேல் கீல் ஆடினால் சந்தேகமே வேண்டாம்.

தளர்ந்த கீலுக்கு ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. கதவின் பூட்டுப் பக்கத்துக்குக் கீழே ஓர் ஆப்பைச் செருகி எடையைத் தாங்க வையுங்கள். மேல் கீலில், நிலைப் பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஓட்டை அகன்றிருக்கும். மூங்கில் சிம்பையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மரப்பசையில் தோய்த்து, இனி நுழையாது என்கிற வரைக்கும் இறுக்கி அடைத்து, வெளியே நீட்டுவதைச் சமமாக வெட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி காய வேண்டும். மறுநாள் நடுவில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, திருகாணியின் மரையில் சோப்பைத் தடவி முறுக்குங்கள். இருந்தது ஒரு இஞ்ச் திருகாணி என்றால் அதே கனத்தில் ஒன்றரை இஞ்ச் போடுவது நல்லது, பழைய ஓட்டையைத் தாண்டிப் புது மரத்தைப் பிடிக்கும். பசை காயுமுன் அவசரப்பட்டு முறுக்கினால் குச்சிகள் திருகாணியோடு சேர்ந்து சுற்றும். பண்ணிய வேலையெல்லாம் வீண். நிலை சிமெண்டிலோ இரும்பிலோ செய்ததென்றால் இந்த வேலை செல்லாது, வெல்டிங் பட்டறைக்காரரைத்தான் பார்க்க வேண்டும்.

ஊதிய கதவு விஷயத்தில் அவசரமே கூடாது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில்தான் விரியும். தேக்கு கொஞ்சமாக, வேம்பு போன்ற நாட்டு மரங்கள் அதைவிட அதிகமாக. கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் நல்ல மரத்தில் சமாளிக்கும். விடாதவர்களின் கதவு கார்த்திகையில் பிடித்துக்கொள்ளும். அந்த ஆத்திரத்தில் உடனே இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவிவிடுகிறார்கள். சித்திரை வந்து மரம் வற்றியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும், பல்லி நுழையும், பூட்டின் நாக்கு பிடிக்காது. மழைக்காலத்தில் மெழுகுவர்த்தியையோ காய்ந்த சோப்பையோ உரசும் இடத்தில் தேய்த்து நாளைக் கடத்துங்கள். தை, மாசியில் சீவலாம், அதுவும் கார்பன் கறை காட்டிய இடத்தில் மட்டும்.

சீவியதோடு நின்றால் அடுத்த வருஷம் அதே கதைதான். கதவை நிலையிலிருந்து கழற்றித் தலைமாட்டையும் அடியையும் பாருங்கள். பெயிண்டே இருக்காது. கதவை மாட்டிய பிறகு பெயிண்டர் வருவதால் அவர் பிரஷ் அங்கே போகாது. மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டு முகத்தில், அதாவது நார்கள் வாய் திறந்து நிற்கும் அந்த மேல், கீழ் விளிம்புகளில்தான். வீடு கழுவிவிடும் தண்ணீரும் அங்கேதான் ஏறும். இரண்டு விளிம்புக்கும் பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை கொடுத்துவிட்டு மாட்டினால் ஐப்பசித் தொல்லை வெகுவாகக் குறையும். குளியலறைப் பக்கம் பிளைவுட் கதவு போடுகிறவர்கள் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். எம்.ஆர். என்று போட்டது காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் ஊறினால் தாங்காது. 2023 டிசம்பர் வெள்ளம் போல வீட்டுக்குள் தண்ணீர் நின்றால் அந்த ரகம் அப்பளமாக அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். தண்ணீருக்கென்று இருப்பது பி.டபிள்யூ.பி.

காற்றுக்காலத்துத் துணி உலர்த்தலையும் சொல்லிவிட வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில், அந்தச் செம்மணல் மேடுகளை ஒட்டி இருப்பவர்களுக்கு இது பெரும்பாடு. ஈரத் துணியில் செம்மண் ஒட்டினால் மறுபடியும் துவைக்க வேண்டும். காற்று பொதுவாகப் பிற்பகலில்தான் வலுக்கும் என்பதால் காலையிலேயே உலர்த்தி மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவது உத்தமம். கொடிக்கயிறு வடக்குத் தெற்காக இருந்தால் ஒவ்வொரு சேலையும் மேல்காற்றுக்குப் பாயாக விரியும். கிழக்கு மேற்காகக் கட்டினால் விளிம்பு மட்டும் காற்றைப் பார்க்கும், இழுப்பு குறையும். ஆனால் எல்லாத் துணியும் நழுவிக் கிழக்கு முனையில் போய்க் குவியும். அதற்கு ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு. கிளிப் நிற்காத காற்றுக்கு இரண்டு நைலான் கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கு இடுக்கில் துணியின் முனையை நுழைத்து இழுத்துவிடுங்கள். காற்று இழுக்க இழுக்க அது இறுகும்.

இனி தண்ணீர். பொதிகையில் பிறந்து பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணியின் தண்ணீர் மென்மையானது. சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். ஆற்றை விட்டு விலகி நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் பல இடங்களில் ஆழ்துளைத் தண்ணீரில் சுண்ணாம்பு தூக்கலாக இருக்கும். தாழையூத்துப் பக்கம் கிடைத்த சுண்ணாம்புக் கல்லை வைத்துத்தான் 1949-இல் சங்கர்நகரில் சிமெண்ட் ஆலையே ஓடத் தொடங்கியது. அப்படிப்பட்ட பாறையில் ஊறி வரும் தண்ணீர் வெறுங்கையோடு வருமா?

சொட்டும் குழாயைப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு, ஏறக்குறைய 4 லிட்டர். நஷ்டம் அதிகமில்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் எவர்சில்வர் வாளியில் விழும் அந்தச் சத்தம் இருக்கிறதே! உடனே யாராவது எழுந்து போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை இறுக்குவார்கள். சொட்டு நிற்கும். இரண்டு நாளில் இன்னும் அதிகமாகச் சொட்டும்.

பழைய ரகப் பித்தளைக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே காளான் வடிவத்தில் ஒரு பித்தளைத் துண்டு, அதன் அடியில் கறுப்பு ரப்பர் வாசர். புது வாசர் தட்டையாக, நகத்தால் அழுத்தினால் பதிந்து மீள்வதாக இருக்கும். சொட்டும் குழாயின் வாசரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், வளையலை மாவில் அழுத்தி எடுத்த தடம் மாதிரி. இறுக்கி இறுக்கி மூடியதில் குழாய்க்குள் இருக்கும் விளிம்பு ரப்பரை வெட்டிய தடம் அது. பள்ளத்தின் அடியில் ரப்பர் கல்லாகியிருக்கும். ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும். அந்தத் துகள் ஒன்று நடுவில் சிக்கினாலே போதும், எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீருக்கு வழி கிடைக்கும். குழாயை பலமாக மூடுகிறவர்தான் வீட்டில் பொறுப்பான ஆள் என்று பெயர் வாங்குவார். குழாயைக் கெடுப்பவரும் அவர்தான்.

மாற்றுவது கால் மணி நேர வேலை. மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதும் வடிய விடுங்கள். இதை மறந்தால் குளியலறை முழுக்க மழை. தலைப்பிடியைக் கழற்றி, கீழே இருக்கும் அறுகோண நட்டைத் துணி சுற்றி ஸ்குரூ ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பவும். துணி இல்லாமல் பிடித்தால் முலாம் சிராய்க்கும். உள்ளே இருக்கும் வாசரை எடுத்து, அரை இஞ்ச் புது வாசரைப் போடவும். மாட்டும் முன் சுண்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் சரி. சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் புது வாசரும் கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். அந்தக் குழாயை மாற்றிவிடுவதே லாபம். தண்ணீர் வாய் வழியாக வராமல் பிடிக்குக் கீழே கசிந்தால் வாசர் குற்றமில்லை, தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு போய்விட்டது. அங்கே டெஃப்லான் டேப்பைக் கயிறு போல முறுக்கி நாலு சுற்றுச் சுற்றி நட்டை இறுக்கினால் நிற்கும்.

கால் திருப்பில் திறக்கும் புது ரகக் குழாயில் வாசர் கிடையாது. இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதற்கு எமன் மணல். தொட்டி கழுவிய அன்று அடியில் கிடந்த வண்டல் குழாய்க்குள் இறங்கித் தகட்டைக் கீறிவிடும். தொட்டி கழுவினால் முதலில் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, முழுதாகத் திறந்து இரண்டு வாளி தண்ணீரை ஓட விடுங்கள். கீறல் விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் தலையில் இருக்கும் பல் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 20 பல், 24 பல் என்று. பழையதைக் கையில் கொண்டுபோகாமல் கடைக்குப் போனவர் இரண்டாம் தடவையும் போவார்.

குழாயை மறுபடி சுவரில் மாட்டும்போது டேப் சுற்றும் திசையையும் கவனிக்க வேண்டும். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள், 10 அல்லது 12 சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வரும், கசிவு அப்படியே இருக்கும்.

சத்தமில்லாமல் ஒழுகும் ஆள் ஒருவர் உண்டு, பிளஷ் தொட்டி. மோட்டார் போட்டு ரெண்டு மணி நேரத்தில் தண்ணீர் காலி என்றால் அவரைச் சந்தேகப்படலாம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலைந்து துளி தொட்டிக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது.

வெள்ளைக் கறைக்கு வருவோம். சுண்ணாம்புத் தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒன்றாகப் பேசுவது நம் வழக்கம். இரண்டும் வேறு. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நின்றால் அது சுண்ணாம்பு. வாயில் கரித்தால் அது உப்பு. சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும். தண்ணீரில் கரைந்த உப்பைப் புளிப்பும் போக்காது, கொதிக்க வைப்பதும் போக்காது. சல்லடை, ஷவர், வாட்டர் ஹீட்டர் ராடு ஆகியவற்றில் பாறையாகப் படிவதெல்லாம் சுண்ணாம்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, கழற்றிய சல்லடையை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். சிறு குமிழிகள் கிளம்பும், அதுதான் வேலை நடக்கிற அடையாளம். பிறகு பழைய பல் பிரஷ். கழற்ற முடியாத ஷவருக்கு அதே கரைசலைப் பாலிதீன் பையில் ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். ராடைப் பிளக்கிலிருந்து எடுத்து ஆறவைத்த பிறகுதான் நனைக்க வேண்டும்.

கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டை ஊற்றினால் கறை ஒரு நிமிஷத்தில் போகும். குழாயின் முலாமும், மொசைக் தரையின் பளபளப்பும் கூடவே போகும். அதைவிட முக்கியம்: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பருப்பு வேகாததும் இதே சுண்ணாம்பால்தான். தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்குமுன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரைச் சமையலுக்கும், போர் தண்ணீரைப் புழக்கத்துக்கும் என்று தனித்தனிக் குடம் வைத்திருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சே இருக்காது. ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் வேகும், ருசியும் கொஞ்சம் போகும். புளியை மட்டும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னாலேயே விட்டால் புளிப்பும் வேகவிடாது.

குக்கர் மூடியெல்லாம் மஞ்சள் தண்ணீராய்ப் பீய்ச்சுவதற்குக் காரணம் வேறு. பருப்பு நுரைத்து எழும் சாமான். தண்ணீரோடு சேர்த்து அரைக் குக்கருக்கு மேல் போகக் கூடாது. அரிசியும் பொங்கும் என்பதால் அதற்கும் அதே அரை அளவுதான். அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். விசில் வராமல் ஓரத்தில் ஆவி போனால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அன்றைய சமையல் ஓடும், அவ்வளவுதான். ஓரத்திலும் போகவில்லை, விசிலும் வரவில்லை என்றால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு வெயிட் உட்காரும் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பருப்புத் தோல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது ஈரம். நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். அந்த நாட்களில் உப்பு அழும், கருப்பட்டி இளகும், முறுக்கு நமுத்துப்போகும். உப்பு விஷயத்தில் ஈரக் கைக்கு அநியாயமாகப் பழி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியத் தொடங்கும். தூத்துக்குடிக் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் பொடியுப்புக்கு முன்னாலேயே கல்லுப்பு அழுகிறது. அதை வாணலியில் வறுத்து வைத்தால் அன்றைக்குச் சரியாகும், மறுபடி கசியும். கசப்பு நீர் வெளியே போனால்தான் தீரும். அடியில் ஓட்டை உள்ள மண் சட்டியிலோ மூங்கில் கூடையிலோ உப்பைக் கொட்டி, கீழே ஒரு கிண்ணம் வைத்து மழைக்காலம் முழுக்க விட்டுவிடுங்கள். கிண்ணத்தில் வடிவதை நாக்கில் தொட்டால் கசக்கும். மேலே நிற்பது அடுத்த வருஷத்துக்கு நல்ல உப்பு.

கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டதும் இதே கணக்குத்தான், புகையும் சூடும் ஈரத்தை நெருங்க விடாது. கேஸ் அடுப்புக்கு மேல் அது நடக்காது, சமையல் ஆவியே அதை இளக்கிவிடும். ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத தகர டின்னில் அடுக்கி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். எறும்பு வந்துவிட்டால் எறும்பை மட்டும் தட்டிவிட்டுப் பயனில்லை. அது வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். தடத்தில் அது விட்டுப்போன வாசனையைப் பிடித்துத்தான் மற்றவை வருகின்றன.

ஃபேன் மெதுவாக ஓடுவதற்கு வோல்டேஜைத் திட்டுவது பழக்கம். எல்லா ஃபேனும் மெதுவாக ஓடினால் வோல்டேஜ். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். மோட்டாருக்கு மேலே இருக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும், 2.5 என்றோ 3.15 என்றோ எழுதியிருக்கும். அதே எண்ணில் வாங்கி, மெயினை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். வேகம் வேண்டுமென்று பெரிய எண் போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும். ஃபேன் ஆடினால் ஒவ்வொரு இறக்கையின் நுனியும் கூரைக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த இறக்கை வளைந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை எரிச்சல் கணக்கில் சேர்ப்பதே தப்பு. கிரைண்டரையோ வாஷிங் மெஷினையோ தொட்டால் “சுர்”ருங்குது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். “செருப்பு போட்டுத் தொடு மயினி” என்று வைத்தியமும் சொல்வார்கள். அது கசிவு மின்சாரம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருப்பார்கள், அல்லது எர்த் குழி வறண்டிருக்கும். நம் செம்மண்ணிலும் தேரி மணலிலும் கோடையில் ஈரமே நிற்காததால் குழியின் மின்தடை ஏறிவிடும். பங்குனி முதல் ஆவணி வரை வாரம் ஒரு தடவை குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். போட்ட பிறகு அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் அரை இஞ்ச் வாசர் நாலு, டெஃப்லான் டேப் இரண்டு, குக்கர் கேஸ்கட் ஒன்று, ஃபேன் கெப்பாசிட்டர் ஒன்று, எட்டாம் நம்பர் திருகாணி பத்து, எலுமிச்சை உப்பு கால் கிலோ போட்டு வைத்திருந்தால் இதில் பாதியைக் கடைக்குப் போகாமலே முடிக்கலாம். கேஸ்கட் வாங்கும்போது குக்கரின் லிட்டரைச் சொன்னால் மட்டும் போதாது, கம்பெனிப் பெயரும் சொல்ல வேண்டும். ஒரே 5 லிட்டருக்கு விட்டம் மாறும். “எல்லாத்துக்கும் சேரும் அண்ணாச்சி” என்று எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.